முதலியாரின் முடிப்பு

வெண்ணந்தூர் சுவாமிநாத முதலியாருக்கு நாற்பத்தோரு வயது முடிந்திருந்தது. கலியாணம் முடிந்திருந்தது. அவர் தறியில் எத்தனையோ ஆயிரம் சேலைகள் முடிந்து அறுத்தெடுக்கப்பட்டிருந்தன. ஒரு பாட்டு மட்டும் முடியவில்லை.

இதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஆர்மோனியம் வாசித்தது ‘வெண்ணந்தூர் செங்கோட்டு வேலவர் கானாமிர்த சபா’ என்ற மகத்தான ஸ்தாபனத்தில். சபாவில் மூன்று பேர். பிடிலும் வாய்ப்பாட்டும் பாலசுந்தர முதலியார், அவரே தலைவர். டோலக்கு மயில்சாமி, சுவாமிநாதரின் மைத்துனன், அவன் பொக்கிஷதார். சுவாமிநாதர் காரியதரிசி. சாதாரண அங்கத்தினர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஆகவே யார் சொல்வதையும் யாரும் கேட்க வேண்டிய நிலைமை அந்தச் சபாவுக்கு ஏற்பட்டதே இல்லை.

பாலசுந்தரம் பிடிலுக்குச் சுருதி கூட்ட உட்கார்ந்தால் தெருவில் ஒருத்தி உலையேற்றிச் சோறு வடித்துவிடலாம். மயில்சாமிக்குக் கோபம் வந்தால் தாளம் ஓடும். நூல் பாக்கி கேட்டு நூல்காரர் தெருவுக்கு வந்துபோன தினங்களில் அவனை யாராலும் பிடிக்க முடியாது. ஆர்மோனியமோ, ராசிபுரத்தில் கலைந்துபோன நாடகக் கம்பெனியிலிருந்து இரண்டு சேலைக்கு மாற்றாக வந்தது. அதன் துருத்தியில் இருந்த ஓட்டையை, நெடுக்கு நூலான பாவுக்குப் போடும் கஞ்சியாலும் ஒரு துண்டுத் துணியாலும் ஒட்டியிருந்தார். ஒரு கட்டை கூப்பிடாமலே பேசும். வாசிக்கும்போது முதலியாரின் இரண்டு கால்களும் கீழே மாறி மாறி அமுங்கிக்கொண்டிருக்கும். தறியின் மிதிகள் அங்கே இல்லை என்பதை அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

சபாவுக்குச் சொந்தமாக இருந்தது ஒரே பாட்டு. பாலசுந்தரம் இயற்றியது. ‘செங்கோட்டு மலைமேலே சிணுங்குகின்ற வேலவனே’ என்று தொடங்கும். சுவாமி ஏன் சிணுங்குகிறார் என்று மயில்சாமி ஒருமுறை கேட்டான்.

“‘செங்’குக்கு எதுகை மோனை பாக்கோணுமில்லடா? செங்கோட்டுக்குச் சிரிக்கிறாருன்னா போடுவாங்க? பக்தியில்லாதவன் பேச்சு பேசாதே” என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

மூன்று பேரும் நெசவாளிகள். ஒத்திகைக்கென்று தனிப் பொழுதுக்கு எங்கே போவது? ஆகவே ஒத்திகை தறியிலேயே நடந்தது. மூன்று வீடும் அடுத்தடுத்து. காலையில் மூவரும் புதுத் தார் போட்டு உட்கார்வார்கள். தார் என்பது வேறொன்றுமில்லை, பாவின் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய சிறு குச்சி. “ஆரம்பிக்கலாமுங்களா?” என்று நடு வீட்டிலிருந்து தலைவர் குரல் கொடுப்பார். நாடா ஓடும். பாட்டும் ஓடும். மூவரும் நெய்தது ஒரே ரகச் சேலை, ஒரே நம்பர் நூல், ஒரே அளவுத் தார். ஆகையால் மூவருக்கும் ஒரே இடத்தில் நூல் தீரும். மூன்று தறியும் ஒருசேர நிற்கும். வலது கை பக்கத்துக் கூடையில் புதுத் தாரை எடுக்கும், நாடாவில் வைக்கும், நாடாவின் கண்ணில் வாயைக் குவித்து வைத்து நூல் நுனியை உறிஞ்சும். பிறகு தறி ஓடும். பாட்டும் ஓடும்.

நான்கு வருஷம் இப்படிப் பயின்றதில், தறியை விட்டு எழுந்து வாத்தியங்களோடு உட்கார்ந்தாலும் அதே இடத்தில் மூவரும் நின்றார்கள். அந்த இடம் ‘மயிலேறி வந்தென்னை மகிழ்விக்க வா’ என்ற அடியில் இருந்தது. ‘மயிலேறி வந்தென்னை ம’ என்பதோடு கச்சேரி நிற்கும். நாலு மூச்சு விடும் நேரம் நிசப்தம். பிறகு தலைவர், ‘கிழ்விக்க வா’ என்று எடுப்பார்.

“பாவு தறியில கெடக்கறப்ப சாமிய வந்து கிழிக்கச் சொல்றாங்களே இந்த மனுசங்க!” என்பாள் சுவாமிநாதரின் மனைவி கமலவேணி. தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

நின்ற பாட்டு மறுபடி நேராக நடந்ததில்லை. தலைவர் ஓரிடத்தில், டோலக்கு வேறிடத்தில். “நீதான் நிறுத்துனே”, “நீங்கதானுங்க நிறுத்துனீங்க” என்று தொடங்கி, வெற்றிலைப் பெட்டி திறப்பதோடு அன்றைய சங்கீதம் நிறைவுறும். இதனால் நஷ்டமடைந்தவர் சுவாமிநாதர் ஒருவரே. பாட்டின் கடைசியில் அவருக்கு மட்டும் உரியதாக ஒரு முடிப்பு இருந்தது.

அது அவருக்கு ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் கிடைத்தது. ஓட்டு இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கிப் பாவின் மேல் படுத்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் இழைகளும் அசையாத தண்ணீராக மின்னின. கை நாடாவை எறிந்தது, கால் மிதித்தது, கண் பாதி மூடியது. தான் நெய்கிறோமா, ஒரு பரிசலில் மிதந்துகொண்டிருக்கிறோமா என்பது அவருக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அப்போது பதினோரு சுரங்கள் வந்தன. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவன் கிணற்றுப் படியில் ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசியில் தண்ணீரில் காலை வைப்பதுபோல அவை இறங்கின. முதலியார் விழித்தபோது துணியில் இரண்டு விரற்கடைக்கு ஊடை நூல் தப்பாக ஓடியிருந்தது. அதைப் பிரிக்க ஒரு முழுப் பொழுது பிடித்தது. அன்றிலிருந்து அந்தப் பதினோரு சுரங்களை நாலு பேர் கேட்க ஒரே ஒருதரம் வாசித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. பாட்டு முடிந்தால்தானே முடிப்பு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, ஆனி மாதம். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்காரர் மருதாசலக் கவுண்டர் வீட்டு விசேஷத்துக்குச் சேலை எடுக்க வெண்ணந்தூர் வந்தார். தெருவில் மூன்று தறிகளும் பாடிக்கொண்டிருந்தன. கவுண்டர் மெய்மறந்து நின்றார். ‘வந்தென்னை’ வரைக்கும் கேட்டார். அதற்குள் வண்டிமாடு மிரண்டதால் போய்விட்டார். இல்லையென்றால் சரித்திரம் வேறு விதமாகப் போயிருக்கும். மாட்டை அடக்கிவிட்டுத் திரும்பி வந்தவர் சொன்னார்:

“ஆடிப் பதினெட்டுக்கு எங்க சனமெல்லாம் ஜேடர்பாளையத்து ஆத்துக்குப் போறமுங்க. நீங்க மூணு பேரும் வரோணும். ஒரே ஒரு பாட்டுப் போதும். முழுசாப் பாடிப் போடுங்க.”

“முழுசாங்களா?” என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள். சபாவின் சரித்திரத்தில் அவர்கள் ஒன்றுசேர்ந்து பேசியது அதுவே முதல் தடவை.

அன்று முதல் சுவாமிநாதருக்குத் தூக்கம் தறியில்தான் வந்தது. நாலாம் நாள், பாடிக்கொண்டே நெய்தவர், ‘ம’ என்று வாய் நிற்கும்போது நாடாவைத் தூக்கிப் பார்த்தார். தார் வெறுங் குச்சி. மறுபடியும் புதுத் தார், மறுபடியும் பாட்டு. மறுபடியும் ‘ம’, மறுபடியும் குச்சி. பாட்டில் குற்றமில்லை. தாளத்திலும் குற்றமில்லை. நூல் போதவில்லை! சங்கீத சாஸ்திரத்தில் இதற்குப் பரிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. முதலியார் நேரே ராட்டைக்குப் போனார். மூன்று வீட்டுக்கும் தார் சுற்றுகிறவள் கமலவேணிதான்.

“ஏனம்மிணி, தாரைச் சித்தே கொழுக்கச் சுத்தலாமா?”

“கொழுத்தா நாடாவுக்குள்ள போகுமுங்களா? எதுக்குங்க?”

அவர் எதற்கென்று சொன்னார். கமலவேணி சிரிக்கவில்லை. ராட்டையை நிறுத்திவிட்டு, “எவ்வளவு பாட்டுங்க மிச்சமிருக்குது?” என்று கேட்டாள்.

“ரெண்டு அடி. அப்பறம் என்ர முடிப்பு.”

“பாடிக் காட்டுங்க.”

அவர் அடிக்குரலில் பாடினார். அவள் ராட்டையைச் சுற்றி எண்ணினாள். முடிப்பையும் பாடினார். பதினோராவது சுரத்தில் ராட்டை தானாகவே மெதுவாகியது. கமலவேணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “நூத்திப்பத்துச் சுத்து ஆகுது. இறுக்கிச் சுத்துனா நாடாவுல அடங்கும்” என்றாள்.

நூற்றுப்பத்து என்று கணக்குப் பார்த்தவள் நூற்றுப்பத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் விருந்தாளிக்கு உலை வைக்கிறவள் எண்ணியா அரிசி போடுகிறாள்? பாதியில் பற்றாமல் போய்விட்டால் அவமானம் யாருக்கு? ஒவ்வொரு தாருக்கும் கையோடு இன்னும் கொஞ்சம் கூட்டிச் சுற்றினாள்.

ஒரு மாதம் மூன்று தறியிலும் கொழுத்த தார் ஓடியது. ‘ம’வைத் தாண்டி ‘கிழ்விக்க’ தடையின்றி வந்த நாளில் சுவாமிநாதருக்குக் கண் கலங்கியது. பாட்டு முடிந்ததும் மற்ற இருவரும் நிற்காமல் மறுபடி முதலிலிருந்து எடுத்ததை அவர் பெரிதாக நினைக்கவில்லை. தறியில் நெய்கிறவன் நூல் இருக்கும்போது நிற்பானா? கச்சேரியில் நின்றுவிடுவார்கள் என்று நம்பினார். கனவு காண்கிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களில் மிகவும் தைரியசாலிகள்.

ஆடிப் பதினெட்டு. திருச்செங்கோடு வரை பஸ். அங்கிருந்து கவுண்டர் அனுப்பிய வண்டி. கமலவேணியும் புளிச்சோற்றுத் தூக்கோடு வந்திருந்தாள். ஜேடர்பாளையத்தில் காவிரி கரைதொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அணைமேல் ஏறி வழிந்த தண்ணீர் வெயிலில் வெள்ளைப் பாவு விரித்ததுபோல இறங்கி, ஓயாமல் ஒரே சுருதியில் இரைந்தது. பாலசுந்தரம் அந்தச் சுருதிக்குப் பிடிலைக் கூட்ட முயன்று, ஆறு ஒத்துழைக்கவில்லை என்று கைவிட்டார். கரையெங்கும் மஞ்சள் சேலைகள், முளைப்பாரி, தேங்காய் பழத் தட்டுகள். கவுண்டரின் மனைவி பாவாயி, “நடுவுல உக்காருங்க சாமி” என்று ஜமுக்காளம் விரித்தாள். மயில்சாமிக்கு வலப்புறம் பூஜைத் தட்டு ஒன்று இருந்தது.

தொடங்கினார்கள். சிணுங்குகின்ற வேலவன் செம்மையாகச் சிணுங்கினார். ‘மயிலேறி வந்தென்னை’ வந்தது. சுவாமிநாதர் மூச்சைப் பிடித்தார். ‘மகிழ்விக்க வா!’ தாண்டிவிட்டார்கள். அடுத்த அடி. அதற்கடுத்த அடி. இதோ கடைசிச் சொல். அவர் விரலைத் தூக்கினார்.

பாலசுந்தரம் கண்ணை மூடியபடி, ‘செங்கோட்டு மலைமேலே’ என்று மறுபடியும் எடுத்தார். டோலக்கும் கூடவே போனது. நூல் மிச்சமிருந்தது! முதலியார் முடிப்பின் முதல் சுரத்தைத் தொட்டார். இரண்டு பேர் சத்தத்தில் அது காணாமல் போயிற்று. இறங்கவேண்டிய ஊர் ஜன்னலுக்கு வெளியே கடந்து போவதைப் பார்க்கும் பிரயாணியைப் போல அவர் பார்த்தார். அதைவிடக் கொடுமை, அவருடைய இடது கையும் இரண்டு கால்களும் கூட மற்றவர்களோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு அப்பால் கமலவேணி நெற்றியில் கை வைத்தாள்.

‘செங்கோட்டு மலைமேலே சிணுங்’ என்ற இடத்தில் தார் தீர்ந்தது.

சபா நின்றது. பாலசுந்தரத்தின் வில் அந்தரத்தில் நின்றது. உதடுகள் குவிந்து இல்லாத நாடாவை உறிஞ்சின. மயில்சாமியின் வலது கை பக்கத்தில் துழாவி, பூஜைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நாடாவில் வைக்கும் பாவனையில் மடியில் வைத்தது. அவன் உதடும் குவிந்தது. நானூறு குடியானவர்கள், கண்மூடி உதடு குவித்திருந்த இரண்டு பெரிய மனிதர்களைப் பயபக்தியோடு பார்த்தார்கள். சுவாமிநாதரின் கையும் வலப்புறம் நீண்டது. அங்கே கூடை இல்லை. விரலில் மணல் பட்டது. சில்லென்று இருந்தது.

நாலு மூச்சு நேரம் என்பது அவருக்குத் தெரியும். அணைத் தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்டது. மூச்சு ஒன்று போயிற்று. அவர் துருத்தியைத் திறந்தார்.

பதினோரு சுரங்களும் இறங்கின. ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், கூப்பிடாமல் பேசும் கட்டைகூட வாயைத் திறக்காமல் இறங்கிப் போய், எது கடைசிச் சுரம் எது ஆறு என்று தெரியாத இடத்தில் நின்றன.

கவுண்டர்தான் முதலில் பேசினார். “அட அட! ஆத்துக்கு எடம் உட்டு நிறுத்தி, அப்பறம் முடிச்சீங்க பாருங்க!”

“இன்னும் முடியலீங்க! பாட்டு பாதியிலீங்க நிக்குது!” என்றார் பாலசுந்தரம் விழித்துக்கொண்டு.

“எங்களுக்கு முடிஞ்சுபோச்சுங்க சாமி.”

பாவாயி வெற்றிலையில் சூடம் ஏற்றி, பாக்குமட்டைத் தட்டைத் தண்ணீரில் விடக் குனிந்தவள் நிமிர்ந்தாள். “ஏனுங், அந்தக் கடைசியை மட்டும் இன்னொருக்கா வாசிக்கறீங்களா? தட்டு அதுக்குப் போகட்டும்.”

வாசித்தார். தட்டு போயிற்று. பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி தன் தட்டுக்கும் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நான்கு வருஷமாக எதையும் முடிக்காத மனிதர் அன்று பொழுது சாய்வதற்குள் பதினாறு குடும்பங்களுக்கு முடித்துக் கொடுத்தார்.

“பொக்கிஷதாரு நானு. என்ர டோலக்க எவனும் கேக்கலியே மாமா!” என்று வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே மயில்சாமி வருத்தப்பட்டான். தலைவர் ராஜினாமாக் கடிதம் எழுதக் காகிதம் தேடினார். பெற்றுக்கொள்ள வேண்டிய காரியதரிசிக்கு ஓய்வில்லை.

கமலவேணி புளிச்சோற்றுத் தூக்கோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தாருல ஒரு புடி கூடிப்போச்சுங்க. நாந்தான்” என்றாள் மெதுவாக.

ஆறு சிவந்து, தட்டுகளின் சிறு சிறு வெளிச்சங்கள் அணைப் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

“நாளைக்குத் தாரு எப்படீங்க சுத்தட்டும்? பழையபடி கொறைச்சுப் போடட்டுமா?”

“வேண்டாமம்மிணி” என்றார் சுவாமிநாத முதலியார். “அப்படியே இருக்கட்டும்.”

முழங்கால் தண்ணீரில் தட்டை ஏந்திக்கொண்டு பதினேழாவது பெண் காத்திருந்தாள். முதலியார் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் துருத்தியைத் திறந்தார்.