உனாய்சி கொடுத்த பெயர்

உனாய்சிக்குப் பயம் பிறவிக் குணமில்லை. முந்தைய ஆட்சிக் கவிழ்ப்பில் அவள் அண்ணனைப் பட்டாள முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஏதோ ஒரு தாளில் அவர் கையெழுத்து இருந்ததாம். திரும்பி வந்த மனுஷன் அதற்குப் பிறகு கல்யாண வாழ்த்தில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றிலிருந்து உனாய்சியும் பேனாவைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சூவாவில் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியை இருபத்திரண்டு வருடம் பெருக்கித் துடைத்தவள் அவள். கீழ்த்தளத்தில் டீக்கடை வைத்திருந்தவள் நான், மங்கம்மா. பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சங்கம் வைத்தால் நான் தலைவி, அவள் செயலாளர்.

அது மறுபடியும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்திருந்த வருடம். அனுமதிச் சீட்டு இல்லாமல் கூட்டம் போடக் கூடாது. தணிக்கை போக, பத்திரிகையில் பாதிப் பக்கம் வெள்ளையாக வந்தது. பத்துப் பன்னிரண்டு தீவுகளிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் கடுப்பை ஒருவர் மேல் ஒருவர் காட்டினார்கள். துணி காயப்போடும் கயிற்றுக்காக டோங்கா பெண்களும் சாமோவா பெண்களும் முடியைப் பிடித்துக்கொண்ட அன்று, உனாய்சி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"உங்களுக்குக் கோவம் யார் மேலன்னு எனக்குத் தெரியும். அதைப் பாயில உக்காந்து பேசுங்க. பொது அறைச் சாவி என்கிட்டதான் இருக்கு."

இப்படித்தான் வியாழக்கிழமை மதியங்கள் தொடங்கின. பொது அறையில் பாய் விரித்து, கூடிப் பேசும்போது இங்கே எல்லோரும் குடிக்கும் யங்கோனா வேரை இடித்துப் பெரிய மரக் கிண்ணத்தில் கரைத்து வைப்பாள். மொண்டு குடிக்கும் சிரட்டை யார் கைக்கு வருகிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் வெந்நீர் வரவில்லை என்றார்கள். பிறகு வெள்ளைப் பக்கங்களைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில், வகுப்புக்குள் வந்து யாரோ குறிப்பெடுக்கிறார்கள், அதை நிறுத்துங்கள் என்று துணைவேந்தருக்கு மனு எழுதத் தொடங்கினார்கள். ஓரத்தில் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் சிரட்டையை முதலில் நீட்டுவது உனாய்சிதான்.

சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு எதையும் எழுதி வைக்கும் பைத்தியம் உண்டு. லோசா என்ற சாமோவாக்காரி ஒரு நோட்டுப் போட்டாள். பெயர், அறை எண், ஊர், எல்லாம் அதில் இருந்தன. நாம் ஒன்றும் திருடவில்லையே, ஏன் ஒளிய வேண்டும் என்பது அவள் வாதம். வாரா வாரம் அதை உனாய்சியிடமும் நீட்டுவாள். உனாய்சி கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

ஒரு வியாழன் மூன்று மணிக்கு வாசலில் பட்டாள வண்டி வந்து நின்றது. பிள்ளைகள் பின்படி வழியாக ஓடிவிட்டார்கள். ரொட்டித் தட்டோடு வந்த நான் அறைக்குள் மாட்டிக்கொண்டேன். நோட்டு பாயின் மேலேயே கிடந்தது.

உள்ளே வந்தது பட்டாளத்தார் அனுப்பிய ஒரு போலீஸ்காரர், கெலேபி என்று சட்டையில் பெயர். நேரே வந்து குனிந்து நோட்டை எடுத்தார். அதில் இருபத்தாறு பிள்ளைகளின் பெயர். வெளித்தீவுக்காரிகளை அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள், உள்ளூர்ப் பெண்களை முகாமுக்குக் கொண்டுபோவார்கள்.

உனாய்சி மட்டும் அவரிடம் எந்த ஊர் என்று கேட்டாள். யார் கேட்டாலும் பதில் சொல்லித்தான் தீர வேண்டிய கேள்வி எங்கள் நாட்டில் அது. அவர் தீவின் பெயரைச் சொன்னார். அவள் தன் தீவின் பெயரைச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது.

இரண்டு தீவுக்கும் ஆதியில் ஒரே குலதெய்வம். அப்படிப்பட்டவர்கள் தௌவூ. ஒருவரை ஒருவர் எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது. ஒருவர் பொருளை மற்றவர் எடுத்தால் தடுக்கவும் கூடாது.

"அடடே, தௌவூவா? அதான பார்த்தேன். உங்க தீவுல படிக்கத் தெரிஞ்சது ஆடு ஒண்ணுதான், அதுவும் புத்தகத்தைத் தின்னுடும். நீ எதுக்குடா நோட்டைத் தூக்குற?"

சொன்னது கேலிதான். ஆனால் சொல்லும்போதே அவள் கண் வெளியே நின்ற வண்டியின் மேல்தான் இருந்தது. கெலேபி சிரிப்பை அடக்கினார், முடியவில்லை. அந்த நொடியில் அவள் நோட்டைப் பிடுங்கி, "இது எனக்கு வேணும்" என்று துடைக்கிற வாளிக்குள் அமுக்கினாள். மை கரைந்து தண்ணீர் நீலமாகிற வரை கையை வெளியே எடுக்கவில்லை.

கெலேபி சிரிப்பை நிறுத்தினார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீ எடுத்துட்ட, சரி. இப்ப என் முறை, தௌவூ. வெறுங்கையோட அவங்க முன்னாடி போய் நிக்க முடியாது. ஒரே ஒரு பேர் குடு."

இல்லை என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. அவர் தன் குறிப்பேட்டையும் பென்சிலையும் நீட்டினார். உனாய்சி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. "அவ டீ விக்கிறவ, ஒண்ணும் தெரியாது" என்றாள் உனாய்சி. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என்னை மதித்து அவர் பார்வையால் கேட்ட ஒரே கேள்விக்கு நான் சொன்ன பதில் அது. அவளை வண்டியில் ஏற்றும்போதும் தட்டைப் பிடித்தபடியே நின்றேன்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் ஒரு தாள். 'உனாய்சி எங்கே?' என்று கேட்டு, கீழே இருபத்தாறு பெயர், அறை எண்ணோடு. எந்தப் பெயர்களைக் காப்பாற்ற அவள் வண்டி ஏறினாளோ அவற்றையே கதவில் ஒட்டியிருக்கிறார்களே என்று லோசாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள். அன்று முழுக்க அந்தக் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாயங்காலம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் பெயரையும் எழுதினேன்.

அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போக யோசித்தார்களோ என்னவோ, பட்டாள வண்டி வரவில்லை; நான்காம் நாள் உனாய்சிதான் வந்தாள். வேலை போயிருந்தது. துடைப்பத்தை ஒப்படைத்துவிட்டு அந்தத் தாளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கடைசிப் பெயரில் விரலை வைத்தாள்.

"ஏன் மங்கா, எழுத்து இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது?"

"பயம்டி."

"என்னோடதும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

இப்போது சந்தையில் கிழங்கு விற்கிறாள். வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் அங்கே போய் அவள் பாயில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவள் தெருவைப் பார்த்தபடிதான் உட்காருவாள். ஏதாவது வண்டி நின்றால் அவள் கை சிரட்டையோடு அப்படியே நின்றுவிடும். வண்டி போனதும், அடுத்த பிள்ளையிடம் அதை நீட்டுவாள்.