மில்லியனில் ஒருத்தி

ஸ்வர்ணாவுக்குப் பாராட்டு கேட்டுப் பழக்கமில்லை. கரூரில் அவள் வளர்ந்த வீட்டில் உச்சபட்சப் பாராட்டே "பரவாயில்லை"தான். எம்.ஏ. ஆங்கிலத்தில் முதல் வகுப்பு வாங்கியபோதும் அப்பா அதைத்தான் சொன்னார். யாராவது வாய்விட்டுப் புகழ்ந்தால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைப் புகழ்ந்தார்கள். அடுத்த மாதமே கல்யாணம்.

கணவன் சபரிநாதனின் விசாவில் ஒட்டிக்கொண்டு அமெரிக்காவில் இர்விங்குக்கு வந்து பதினொரு வருடம். வேலை பார்க்கும் அனுமதி போன கோடையில்தான் வந்தது. அதற்கு முன்பிருந்தே ஒரு சமூக மையத்தில் சீனர்களுக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தாள். அங்கே சம்பள ஆசிரியர் இடம் ஒன்று காலியானதும் முதல் ஆளாக விண்ணப்பித்தாள். நாற்பத்திரண்டு வயதில், தன் பெயரில் ஒரு வேலை. வேறெதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மையத்தின் பொறுப்பாளர் ஜூடித் மெயில் அனுப்பியிருந்தாள். நீங்கள் 'ஒன் இன் எ மில்லியன்', உங்களுக்குத் 'தேங்க்ஸ் எ மில்லியன்' என்று எழுதியிருந்தது. பத்து லட்சம் பேரில் ஒருத்தி, பத்து லட்சம் நன்றி. வேலை கிடைத்துவிட்டது என்று ஸ்வர்ணா குதித்தாள்.

"ஆஃபர் லெட்டர் வந்துச்சா? இங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க," என்றான் சபரிநாதன்.

அவனுக்குப் பொறாமை என்று முடிவுகட்டி, கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அன்றைய பாடத்தையும் மாற்றிவிட்டாள். மெயிலில் இருந்த இரண்டு தொடர்களையும் பலகையில் எழுதினாள். சீனர்கள் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறவர்கள். மில்லியன் என்றால் நூறு பத்தாயிரம் என்று விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். எண்ணவே வேண்டாம் என்றாள் ஸ்வர்ணா. நமக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவனுக்கும் இந்த ஊரில் மில்லியன் நன்றி உண்டு; எண் பெரிதாக இருப்பதால் விஷயம் பெரிதாகிவிடாது என்று அழகாக விளக்கினாள். வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது, டீச்சரைத் தவிர.

கேசரி எதற்கு என்று கேட்டார்கள். வேலை கிடைத்ததற்கு என்று மெயிலைக் காட்டினாள். முன்வரிசையில் இருந்த எழுபது வயது மெய்ஹுவா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். இதில் வேலை என்ற வார்த்தையே இல்லையே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஸ்வர்ணாவுக்கு முகம் சுட்டது. நின்ற இடத்திலேயே ஜூடித்துக்கு எழுதினாள்: வேலை எனக்கா, இல்லையா? ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. போன வாரமே வேறொருவரை எடுத்தாகிவிட்டது, சொல்ல மறந்துவிட்டேன், 'எ தௌசண்ட் அபாலஜீஸ்', செவ்வாய்க்கிழமைகளில் வழக்கம்போல வருவீர்கள்தானே?

பாராட்டென்றால் மில்லியன், மன்னிப்பென்றால் வெறும் ஆயிரம். வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பதினாறு பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். ஸ்வர்ணா திரும்பி நின்று, மூன்றாவது தொடரைப் பலகையில் எழுதினாள்.