ஆஜர் சொல்லாத நாகசுரம்

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியன் நான். எங்கள் ஊரான சங்கரன்கோவில் தமிழ் மன்றத்தின் தலைவன். என் வீட்டுக்கும் சரி, பேரப்பிள்ளைகளுக்கும் சரி, தமிழ்ப் பெயர்தான். ஓய்வுக்குப் பிறகு கணினியில் இசையமைக்கவும் பழகிக்கொண்டேன். சென்ற வாரம் வரை எதிலும் எனக்குக் குறைவு வந்ததில்லை.

எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலுக்குக் குடமுழுக்கு. அதற்கான பாட்டு என் பொறுப்பு. மெட்டு ஆர்மோனியத்தில் அமைந்துவிட்டது. குரல் ராஜபாளையத்தில் பதிவாகி வந்துவிட்டது. நாகசுரமும் தவிலும் சேர்ப்பதுதான் பாக்கி. மென்பொருளைத் திறந்தால்... ஒரு வாத்தியத்தையும் காணோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாத்தியங்களின் ஒலி ‘ப்ளகின்’ என்னும் கோப்புகளாகக் கணினியில் இருக்கும். இசை மென்பொருள் திறக்கும்போதே அவற்றைப் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுக்கும். இதுதான் ஸ்கேனிங். அன்று எந்தக் கோப்பும் ஆஜர் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் நேராக ‘தோல்வி’.

அந்த நேரம் பார்த்து விழாக்குழுச் செயலாளர் சண்முகையா வந்தார். தபால் துறையில் இருந்தவர், என் வயதுக்காரர்.

“வே, பாட்டு வருமா வராதா? சாயங்காலம் மைக்செட்காரன் வந்துருவான். இல்லன்னா சொல்லிரும், சிவகிரி பார்ட்டிகிட்ட ரெடியா ஒண்ணு கெடக்கு. வாங்கிப் போட்டுருவோம்.”

எங்கள் கோவிலில் சிவகிரிப் பாட்டா? நாற்காலியைக் காட்டினேன்.

கோப்புகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டு மீதியை ஸ்கேன் செய்தேன். தோல்வி. பாதிகளை மாற்றி வைத்தேன். அதுவும் தோல்வி. ஒரு கோப்பு கெட்டிருந்தால் ஒரு பாதியாவது பிழைத்திருக்க வேண்டாமா? அப்படியானால் குற்றம் கோப்புகளில் இல்லை — அவை குடியிருக்கும் இடத்தில்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கியபோது கணினியையும் ஒழுங்கு செய்திருந்தேன். ப்ளகின்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, ‘இசைக்கருவிகள்’ என்று தமிழில் பெயர் சூட்டினேன். அதன்பின் மென்பொருளைத் திறந்தது அன்றுதான். பழைய பதிப்பு அது. தமிழ் எழுத்திருக்கும் ஃபோல்டருக்குள் அதற்கு நுழையத் தெரியவில்லை.

சொன்னதும் சண்முகையாவுக்கும் விளங்கிவிட்டது.

“அப்ப இங்கிலீஷ்ல அடிக்க வேண்டியதுதான? மன்றத்துல யாரு சொல்லப்போறா... நானா சொல்லுதேன்?”

அவர்தான் சொல்லுவார் — எனக்குத் தெரியாதா? மனம் ஒப்பவில்லைதான். ஆனால் மைக்செட்காரர் வரும் நேரம். அடித்தேன். பழைய தோல்விகளை அழித்து மறுபடி ஸ்கேன் கொடுத்தேன். ஒவ்வொன்றாக ஆஜர் சொல்லின. நாகசுரம் ஒலித்ததும் சண்முகையா கண்ணை மூடித் தலையாட்டினார். சிவகிரியைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

எது கெட்டது, எது கெட்டது என்றே தேடுகிறோம். எதுவும் கெடாமலும் ஒரு காரியம் நின்றுபோகும் என்பதை நாம் நினைப்பதில்லை.

குடமுழுக்கு நன்றாக நடந்தது. பாட்டும் ஒலித்தது. மறுநாள் முதல் சங்கரன்கோவிலில் ஒரே பேச்சு — மன்றத் தலைவர் ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டாராம்.

வைக்கவில்லை. ஃபோல்டரின் பெயர் இன்றும் ‘இசைக்கருவிகள்’தான், ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறேன், அவ்வளவே.