உறைக்குள் ஒரு செவலைப் பசு

புதன்சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவர்களில் தரகர் கதிர்வேலைத் தெரியாதவர்கள் குறைவு. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகிலும் நெற்றியிலும் சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். இவ்வளவும் ஊரறிய நடக்கும். விலை மட்டும் ரகசியம். தோளில் கிடக்கும் துண்டை எதிராளியின் கைமேல் போட்டு, அதற்குள் அவர் விரல்களைப் பிடிப்பார். இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, மடக்கிப் பிடித்தால் அதில் பாதி. சுற்றி நிற்பவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டு மாட்டை விற்றதில்தான் வம்பு வந்து சேர்ந்தது.

சின்னி என்று ஒரு செவலைப் பசு. வீட்டிலேயே பிறந்தது. ஒரு கொம்பு நேராக நிற்கும், இன்னொன்று கண்ணுக்கு மேலே கீழ்நோக்கி மடங்கியிருக்கும். கொம்பு மடங்கிய மாட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. வந்தவர்களும் விரலை மடக்கிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஓமலூர்ப் பக்கமிருந்து ஒருவர் வண்டியோடு வந்தார், கூடவே தன் சின்னக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு. பேச்சு முடிந்தது. அவர் கொண்டுவந்த புதுக்கயிற்றை மாட்டிக் கட்டி, பழைய கயிற்றைக் கதிர்வேல் அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினார். மாடு போகலாம், கட்டிய கயிறு போகக்கூடாது. கயிற்றோடு போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதில் அவர் ரொம்பக் கறார்.

வண்டியில் ஏறும் நேரம் பார்த்து அந்தக் குழந்தை வீல்வீலென்று அழுதது. ஜன்னல் கட்டையில் குட்டிக்குட்டி பொம்மைகள் வரிசையாக நின்றன. மகள் தமிழினியுடையவை. கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தார். அழுகை நின்றது. வண்டி போயிற்று. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

நாலாம் வகுப்புப் படிக்கும் தமிழினி சாயங்காலம் வந்தாள். வெறும் கட்டுத்தறியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாட்டுக்காகவா, பொம்மைக்காகவா என்று அவருக்குப் புரியவில்லை. மாடு என்றால் நியாயம். ஆனால் அவள் போய்ப் போய் நிற்பது ஜன்னலோரம். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு கோபமா என்று மனைவி ஸ்ரீதேவியிடம் கேட்டார்.

"அது பசு மாட்டுப் பொம்மைங்க. அதுக்கும் சின்னின்னுதான் பேரு வெச்சிருந்தா," என்றாள் ஸ்ரீதேவி. "ஏனுங்க, கயித்தக்கூடக் குடுக்க மாட்டீங்க. புள்ள பொம்மைய மட்டும் எடுத்துக் குடுத்துப்போட்டீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மகள் பழையபடி "ஏனுங்கப்பா" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஒரு பசு பொம்மைதானே, வாங்கினால் போயிற்று என்று சேலம் பஸ் ஏறினார்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு பொம்மைக் கடை. கல்லாவில் இருந்த சௌந்தர்யா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பெட்டி நிறையப் பளபளவென்று ஒட்டிய உறைகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு.

"இதுல பசு எதும்மா?"

"தெரியாதுங்கண்ணா. மொத்தம் பன்னெண்டு மிருகம். எந்தக் கவர்ல எது இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது. வாங்கிப் பிரிச்சாத்தான் தெரியும்."

கதிர்வேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேடிக்கை பண்ணுகிறாளோ என்று தோன்றியது. "பாக்காம எப்படிம்மா வாங்கறது?"

"அதுதாங்கண்ணா இதுல விளையாட்டே."

அவருக்குத் தலை சுற்றியது. சந்தையில் மாடு வெளியே நிற்கும், விலை துண்டுக்குள் இருக்கும். இங்கே விலையை உறைமேலேயே அச்சடித்துவிட்டுச் சரக்கை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவர் இப்படி ஒரு மாட்டைச் சாக்கால் மூடி விற்றால் சந்தையே சேர்ந்து உதைக்கும். இதற்குக் குழந்தைகள் ஆசைப்படுகின்றனவாம். உலகம் தலைகீழாகப் போய்விட்டதா, தனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டதா என்று குழம்பி நின்றார்.

சௌந்தர்யாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சில பேர் கவரோட ஓரத்துல குத்தியிருக்கற புள்ளிய வெச்சுக் கண்டுபிடிப்பாங்க. இந்தத் தடவ கம்பெனி அத மாத்திட்டான். சில பேர் எடை போட்டுப் பாப்பாங்க. நீங்க வேணா தடவிப் பாருங்க. பிரிக்க மட்டும் கூடாது," என்றாள். பன்னிரண்டு மிருகங்களும் அச்சிட்ட அட்டையையும் காட்டினாள். கண்ணாடியை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவருக்கு, பசு ஒரு செவலைப் பொட்டாகத்தான் தெரிந்தது.

தடவிப் பார்ப்பதா? அந்த ஒரு சொல்லில் அவருக்கு உயிர் வந்தது. துண்டை எடுத்து உதறிக் கைமேல் போட்டு, உள்ளே ஓர் உறையைப் பிடித்தார்.

"அண்ணா, துண்ட எடுங்க. கேமரால பாக்கறாங்க," என்றாள் சௌந்தர்யா பதறி.

"துண்டு இல்லாம எனக்கு விரல் பேசாதும்மா," என்றார் அவர். திருடுகிற முகமாக இல்லை என்று பட்டதோ என்னவோ, அவள் விட்டுவிட்டாள்.

ஒவ்வொன்றாகத் தடவினார். இது தும்பிக்கை. இது கழுத்து நீண்டது. இது உருண்டு கிடக்கிறது, முள்ளெலியோ என்னவோ. ஓர் உறையில் நாலு கால், வால், மேலே ஒரு கொம்பு தட்டுப்பட்டது. இன்னொரு கொம்பைத் தேடினார். அது கீழே மடங்கிக் கிடந்தது. குறை மாடு என்று விரல் சொன்னது. இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாக அதைத் தள்ளிவிட்டது. பிறகு ஓர் உறை அகப்பட்டது. நாலு கால், வால், இரண்டு கொம்பும் ஒரே சீராக, நேராக. இதுதான் மாடு என்று பெருமையாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

தமிழினி பேசாமல் வாங்கிப் பிரித்தாள். உள்ளே இருந்தது வெள்ளாடு. நாடறிந்த மாட்டுத் தரகர் சேலம் வரைக்கும் போய் ஆடு பிடித்து வந்திருக்கிறார். ஏற்கெனவே இருந்த ஆட்டுக்குப் பக்கத்தில் அதையும் நிறுத்திவிட்டு அவள் எழுதப் போய்விட்டாள்.

ஸ்ரீதேவி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். "கொம்ப வெச்சுக் கண்டுபிடிச்சிருக்கலாமுங்களே. அந்தப் பொம்மைக்கு ஒரு கொம்பு மடங்கியிருக்குமுங்க, நம்ம சின்னியாட்டவே. அதனாலதான அந்தப் பேர வெச்சா."

கதிர்வேல் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பொம்மையை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். அப்போது அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடையில் அது தானாக விரலுக்குள் வந்தும் குறை என்று தள்ளிவிட்டார். மாட்டையும் அப்படித்தானே தள்ளினோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த சந்தைக்குப் போகவில்லை. சேலத்துக்குப் போனார்.

"நேத்து காலேஜ் பசங்க வந்து பெட்டியவே கொடஞ்சுட்டுப் போனாங்கண்ணா," என்று சொல்லிக்கொண்டே சௌந்தர்யா பெட்டியை நகர்த்தினாள். இந்த முறை துண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போன தடவை இருந்ததில் பாதிகூட மிச்சமில்லை. ஒவ்வொன்றாகத் தடவித் தள்ளிக்கொண்டே வந்தார். கிட்டத்தட்ட அடியில் ஓர் உறை. நாலு கால். வால். ஒரு கொம்பு நேராக. இன்னொன்று மடங்கி. மடங்கியதுதானா, அல்லது மடிந்த காதா? முதல் தடவை இருந்த நிச்சயம் இப்போது இல்லை. தடவத் தடவச் சந்தேகம்தான் வளர்ந்தது. நின்று நின்று பார்த்துவிட்டு, சாமி மேல் பாரத்தைப் போட்டு அதையே வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் உறையை மகளிடம் நீட்டினார். "பாரு கண்ணு. இந்தவாட்டி அப்பா தப்புப் பண்ணல," என்றார். குரல் அவருக்கே நம்பும்படி இல்லை.

தமிழினி அதைப் பிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மெல்லத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சின்னிங்களாப்பா?"

எத்தனை நாளாகக் காத்திருந்த குரல் அது. கதிர்வேல் அவசரமாகத் தலையாட்டினார். "ஆமா சாமி. பிரிச்சுப் பாரு."

"பிரிக்க மாட்டேனுங்க."

"ஏஞ்சாமி?"

"வெளிய எடுத்து வெச்சா, ஆராச்சும் வந்து அழுவாங்க. நீங்க எடுத்துக் குடுத்துருவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும், துணியை எடுக்க வேண்டும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். கேட்க ஆசைப்பட்ட பேச்சைக் கேட்டாயிற்று. அதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டாளா என்றும் தெரியவில்லை. உள்ளே இருப்பது பசுதானா என்றுகூட இனிமேல் தெரியப் போவதில்லை. இனிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அவள் நம்ப வேண்டுமே என்று தோன்றியது.

தமிழினி உறையை ஜன்னலில் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த சின்னியின் பழைய கயிற்றுக்குள் அதைச் செருகி வைத்தாள். அந்தக் கயிற்றை மட்டும் அப்பா யாருக்கும் கொடுக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.