பாக்கியத்தின் இரண்டாவது கிளி

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாழைமரத்தடியில் யாரோ ஒரு பொம்பளை நிற்கிறாள் என்று அலறினாள். நான்தான் விளக்கை எடுத்துக்கொண்டு போய், அது கொடியிலிருந்து பறந்துபோன அவளுடைய சேலைதான் என்று காட்டிவிட்டு வந்தேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஒன்று, இது ராத்திரியில் நடந்ததல்ல, சுடுகாட்டுப் பக்கம் நடந்ததும் அல்ல. குளுவாங் ஊர் நடுவில், பட்டப்பகலில், நாலு பேர் வந்து போகிற கண்காட்சியில் நடந்தது.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடிக்க வருவதற்கு ஆறேழு வருஷம் முந்தி. என் வீட்டுக்காரர் குளுவாங் ஸ்டேஷனில் கிராணியாக, எழுத்து வேலையில் இருந்தார், எனக்கு இருபத்தாறு வயது, பிள்ளை குட்டி இல்லை, பகலெல்லாம் வீட்டில் சும்மா இருப்பேன். ஊரில் நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து மூன்று நாள் கலைக் கண்காட்சி நடத்தப் போவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் படங்களும் கைவேலைகளும், சாயங்காலம் வெளியே பாடாங் திடலில் கோலாட்டமும் பாட்டும். அந்த ஊருக்கு அப்போது அது பெரிய விஷயம். ஒரு சீன வாத்தியார் மூங்கில் காட்டை வெறும் கறுப்பு மையிலேயே வரைந்து அனுப்பியிருந்தார், மலாய்க்காரப் பெண்கள் பாய் முடைந்து கொண்டுவந்தார்கள், யாரோ ரப்பர் விதைகளைக் கோத்து ஒரு முழுத் தேரே செய்திருந்தார்கள். பெண்கள் கைவேலைக்கு ஒரு நீள மேசை ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஞானம்மா அக்காவையும் என்னையும் போட்டார்கள். அக்கா ஒரு வாத்தியாரின் மனைவி. நல்லவர்தான், ஆனால் ஒழுங்கு தவறினால் பொறுக்கமாட்டார்.

ஆரம்பிப்பதற்கு முதல் நாள் சாமான்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் ஆள் வாசலிலேயே நின்றார். லாபிஸ் ஊர்ப்பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டுகிறவர், பெயர் மாரிமுத்து. நாற்பத்தைந்து வயதிருக்கும். துண்டில் சுற்றி ஒன்றை மார்போடு அணைத்து வைத்திருந்தார், கைக்குழந்தையைப் பிடித்திருப்பது போல. பிரித்துப் பார்த்தால் மரவளையத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, அதில் பூத்தையல். நடுவில் சிவப்பு நூலில் 'நல்வரவு' என்று வர வேண்டும், இரண்டு பக்கமும் இரண்டு பச்சைக் கிளி. இடது பக்கத்துக் கிளி அப்படியே பறந்துவிடும் போல இருந்தது. ஆனால் எழுத்து 'நல்வர' என்பதோடு நின்றுவிட்டது. கடைசி எழுத்தும் வலது பக்கத்துக் கிளியும் வெறும் பென்சில் கோடு. ஊசி துணியில் குத்தியபடியே இருந்தது.

"இது இன்னும் முடியலையே அண்ணே," என்றேன்.

"ஆமாங்கம்மா. தச்ச புள்ள போயிருச்சு."

அவர் மகள் பாக்கியம். பதினேழு வயது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வீட்டம்மாவிடம் தையல் பழகியவள். கண்காட்சி என்று கேள்விப்பட்டதிலிருந்து இதையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இரண்டு மாதத்துக்கு முன்பு மலேரியா காய்ச்சலில் போய்விட்டாள்.

ஞானம்மா அக்கா துணியை வாங்கிப் பார்த்தார், அவருக்கும் கண் கலங்கியது. ஆனாலும், "முடியாததை வைக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோமே, மத்தவங்க கேப்பாங்களே," என்றார். நான்தான் ஓரமாகவாவது வைப்போம் என்று கெஞ்சி, மேசையின் கடைசியில் ஒரு சின்னக் கட்டையில் சாய்த்து வைத்தேன். மாரிமுத்து அண்ணன் ஊசியை எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். குளுவாங்கில் உறவுக்காரர் வீட்டில் தங்கி மூன்று நாளும் வந்து உட்காரப் போவதாகச் சொன்னார்.

முதல் நாள் கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். எல்லாரும் அந்தக் கிளியிடம் வந்து நின்றார்கள், நின்றவர்கள் எழுத்தைப் படித்தார்கள். வாலிபப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் சத்தமாக, "நல்வர... டேய், நல்ல வரன் தேடுறாங்கடா! போலாமா பொண்ணு பாக்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையன் கெட்டவனில்லை, அவனுக்குத் தெரியாது. ஆனால் நாலடி தள்ளி பெஞ்சில் மாரிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை. தை மாதம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை சாப்பாட்டுக்காக மண்டபத்தைப் பூட்டுவோம். அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நான் இருந்துகொண்டேன். என் பெட்டியில் சிவப்பு நூல் இருந்தது. என் ஊசியில் கோத்து, அந்த 'வு' எழுத்தைப் போட ஆரம்பித்தேன். சங்கிலித் தையல்தானே, எனக்குத் தெரியாததா? பாவம் என்றுதான் செய்தேன், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அவள் கைக்கு என் கை குறைந்ததில்லை என்கிற ஒரு நினைப்பும் இருந்தது. பாதி எழுத்து போட்டிருப்பேன், அக்கா வரும் சத்தம் கேட்டு நூலை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டேன். சாயங்காலம் வரை அது அப்படியே இருந்தது. நான் போட்டதை நானே பத்துத் தடவை பார்த்தேன்.

மறுநாள் காலையில் பூட்டைத் திறந்தது நான்தான், சாவி என்னிடம்தான் இருந்தது. வாசலில் ராத்திரி முழுக்க பஞ்சாபிக் காவல்காரர் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டுப் படுத்திருந்தார். உள்ளே போனால், என் தையல் இல்லை. பிய்த்தெறிந்த மாதிரி இல்லை, ஒவ்வொரு கண்ணியாகப் பொறுமையாகப் பிரித்து, அந்த நூலைச் சின்ன வட்டமாகச் சுற்றி, வளையத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்திருந்தது. நம் சாமானைப் பக்கத்து வீட்டுக்காரி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தால் எப்படி வைப்பாள், அப்படி. அதோடு, வலது கிளியின் அலகு சிவப்பாக நிறைந்திருந்தது. நேற்று அது வெறும் கோடு.

அக்காதான் செய்தார் என்று நினைத்துக் கேட்டேன். "எனக்கு ரவிக்கைக்கு ஊக்கு தைக்கிறதுக்கே கண்ணு தெரியல, என்னைப் போயி கேக்கிறியே," என்றார். மாரிமுத்து அண்ணன் வந்ததும் அவரிடம், நேற்று நான் தைத்ததையும் சேர்த்து, உள்ளதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எம் புள்ள அப்படித்தான். டிரெஸ்ஸர் வீட்டம்மா ஒரு தடவ ஒத்தாசைக்குப் பூவு ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க. பிரிச்சிட்டுத் தானே போட்டுச்சு. கடைசியில காய்ச்சல்ல கெடக்கையில, நான் அப்படியே கொண்டுபோயி வைக்கிறேம்மான்னு சொன்னேன். வேணாம்பா, முடிச்சிட்டுத்தான் வைக்கணும்னுச்சு. நான்தான் கேக்கல."

மகள் பேச்சை மீறிவிட்டோமே என்று அந்த மனுஷர் உள்ளுக்குள் எவ்வளவு வெந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "அந்த மனுசன் படுற பாட்டைப் பாக்க முடியல கமலம், சாயங்காலம் துணியை எடுத்துக் குடுத்துருவோம்," என்றார். மத்தியானம் அவரை வெயிலில் அனுப்ப மனமில்லாமல் உள்ளேயே இருக்கச் சொல்லி, நானும் இருந்து, கதவை உள்ளேயிருந்து தாழிட்டேன். கொண்டுபோன சோற்றை இரண்டாகப் பிரித்தேன். மேசைக்கு முதுகைக் காட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளியே ஆள் சத்தமில்லை, தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும்.

பூத்தையல் போடுகிறவர்களுக்குத் தெரியும். இழுத்துக் கட்டிய துணியில் ஊசி இறங்கும்போது சின்னதாக 'டப்' என்று கேட்கும், பிறகு நூல் முழு நீளத்துக்கும் இழுபடும்போது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எங்களுக்குப் பின்னால் கேட்டது. நிதானமாக. டப், சர்ர்ர். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டப், சர்ர்ர்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கழுத்து திரும்பவில்லை என்று கதை விடமாட்டேன், திரும்பத்தான் போனேன். மாரிமுத்து அண்ணன் சோற்றுக் கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்து இலையில் விழுந்துகொண்டிருந்தது.

"யாராச்சும் பாத்தா புள்ளைக்குக் கை நடுங்கும்மா," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் தினமும் சொல்கிற குரலில், "பாத்து... கையில குத்திக்காதம்மா," என்றார்.

சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. அக்கா வந்து கதவைத் தட்டியபோது சத்தம் நின்றுபோயிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். 'நல்வரவு'. முழுதாக இருந்தது. கிளிக்குத் தலையும் கழுத்தும் வந்திருந்தன. நான் வாயைத் திறக்குமுன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ செஞ்சது தப்புதான், ஆனா நல்லதுதான் செஞ்ச, நான் யாருக்கும் சொல்லமாட்டேன் போ," என்றார். நான் இல்லையென்று சத்தியம் செய்தேன், நம்பவில்லை. சாகும்வரை நம்பவில்லை.

எடுத்துக் கொடுக்கிற பேச்சு அதோடு நின்றது. மூன்றாம் நாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது இறக்கை முடிந்திருந்தது. அன்றைக்கு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். அவர்தான், "தனியா விடுவோம்மா," என்றார். இரண்டு மணிக்கு உள்ளே போனால் வால் நுனிவரை முடிந்து, ஊசி துணியின் ஓரத்தில் ஒழுங்காகக் குத்தியிருந்தது. நூல் கோக்காத ஊசி.

சாயங்காலம் பாடாங்கில் மேடை போட்டு, நல்ல வேலைப்பாடுகளின் பெயரை வாசித்தார்கள். கைவேலையில் முதலாவதாக, "லாபிஸ், மாரிமுத்து மகள் பாக்கியம்," என்றார்கள். இறந்துபோனவள் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று அண்ணன்தான் கேட்டுக்கொண்டார். சனம் கைதட்டியது. யார் அந்தப் பொண்ணு என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதல் நாள் கேலி பண்ணின பையனும் கைதட்டினான், நான் பார்த்தேன். அண்ணன் எழுந்து நின்று, யாரைப் பார்த்தென்று தெரியாமல் நாலு பக்கமும் கும்பிட்டார். மூன்று நாளில் அவர் முகத்தில் சிரிப்பை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை லாபிஸ் ரயிலுக்கு அவர் ஸ்டேஷனுக்கு வந்தார், நானும் என் வீட்டுக்காரரோடு போயிருந்தேன். ரயில் வர நேரமிருந்தது. "வளையத்தைக் கழட்டி மடிச்சுத் தாங்கம்மா, சட்டம் போடக் குடுக்கணும்," என்றார். கழற்றித் துணியை மடிக்கும்போது பின்பக்கம் கண்ணில் பட்டது.

எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் பின்பக்கம் முடிச்சும் பிசிறுமாகத்தான் இருக்கும். இடது கிளிக்குப் பின்னாலும், 'நல்வர' என்ற எழுத்துக்குப் பின்னாலும் அப்படித்தான் இருந்தது. மற்ற பாதிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் துணி. ஒரு முடிச்சு இல்லை, ஒரு நூல் இல்லை, ஊசி இறங்கிய தடம்கூட இல்லை. திருப்பினால் முன்பக்கம் கிளி பச்சையாக, தடிப்பாக, விரலுக்குத் தட்டுப்படுகிறது. மறுபடி திருப்பினால் வெறும் துணி.

"என்னம்மா பாக்குறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. பத்திரமா வச்சுக்கங்க."

அவரிடம் நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ரயில் ஏற்கெனவே போயிருந்தது, அவர் சிரித்தார். மாரிமுத்து அண்ணனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, அந்தத் துணி என்ன ஆயிற்று என்றும் தெரியாது. எனக்கு இப்போது கண் மங்கிவிட்டது, தையலை விட்டு வெகுநாளாகிறது. ஆனால் மத்தியான வேளையில் வீடு அமைதியாக இருக்கும்போது அந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்வேன். ஊசி இறங்கியது, நான் கேட்டேன். நூல் முழுக்க இழுபட்டது, அதையும் கேட்டேன். துணியின் பின்பக்கம் போகவில்லையென்றால், அந்த நூல் எந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது?