கேபினை ஒட்டிய இடம்

சனிக்கிழமை காலை லாரிக்காகக் காத்திருந்தபோது டிரைவர் மாமாதான் சொன்னார். "மேரியக்கா ராத்திரி போய்ட்டாங்கம்மா. காய்ச்சல் எறங்கவே இல்ல." கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு மேரியக்காவுடன் கட்டட வேலைக்குப் போய்வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கட்டட ஆபீசில் டைப் அடிப்பவள். எனக்கு டிரைவர் பக்கத்தில் இடம். பின்னால் ஆண்கள் முதலில் ஏறி, கேபினில் முதுகு சாய்த்து உட்காருவார்கள். அவர்களைத் தாண்டிப் போவது அழகல்ல என்று சித்தாள் பெண்கள் கடைசியாக ஏறிப் பின்கதவை ஒட்டி ஒடுங்கிக்கொள்வார்கள். யாரும் போட்ட சட்டமல்ல. அதனாலேயே யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

ஒருநாள் செம்மங்குப்பம் வளைவில் பின்கதவின் கொக்கி கழன்றது. கதவோரம் உட்கார்ந்திருந்த சித்தாள் அஞ்சலை சாலையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது; இன்றுவரை அவள் வேலைக்குத் திரும்பவில்லை. "கெட்டியாப் புடிச்சிக்கிட்டு ஒக்காரணும்," என்றார் மேஸ்திரி. வேறு கொக்கி போட்டார்கள்.

மறுநாள் மேரியக்கா முதல் ஆளாக ஏறிக் கேபினை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். பேச்செல்லாம் பின் சன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"என்னா மேரி, பொண்ணழைப்பா? மொத எடம் புடிச்சிட்ட?"

"ஆமா மச்சான். நீ கதவாண்ட ஒக்காரு, காத்து ஜாஸ்தி வரும்."

மேஸ்திரி அதட்டினார். "ஆம்பளைங்களுக்கு முன்னாடி ஏறுறியே, மானம் வேணாம்?"

"ஆம்பளையத் தாண்டக் கூடாதுன்னுதான் மொதல்லயே ஏறிட்டேன். மானம் போனா பேசி வாங்கிக்கலாம் மேஸ்திரி. இடுப்பு போனா யாரு வாங்கித் தருவா?"

மற்றப் பெண்கள் உடனே வரவில்லை. பல நாட்கள் அவர் ஒருவராகவே, கேலியெல்லாம் கேட்டுக்கொண்டு, அங்கே உட்கார்ந்து வந்தார். பிறகு ஒவ்வொருவராக அவர் பக்கம் சேர்ந்தார்கள். ஆண்கள் கதவோரம் நகர்ந்த பிறகுதான் அந்தக் கதவுக்கு இரும்புச் சங்கிலி வேண்டுமென்று மேஸ்திரியிடம் கேட்டார்கள். சங்கிலி வந்த அன்று அக்கா சிதம்பரம் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அடக்கம் முடிந்து திங்கட்கிழமை லாரி வந்து நின்றது. "ஆம்பளைங்க ஏறுங்க," என்றார் மேஸ்திரி, பழையபடி. பெண்கள் பின்வாங்கி நின்றார்கள். கேபினில் இருந்த நான் இறங்கிப் பின்பக்கம் போனேன். உரக்கப் பேசிப் பழக்கமில்லாத குரலில், "பொம்பளைங்க மொதல்ல" என்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

மேரியக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: கடைசிப் பெண் கேபின் பக்கமாய் உட்காரும்வரை நான் வண்டியில் ஏறுவதில்லை.