கூரைச்சேலையின் மறுமுனை

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். அரங்கில் விளக்கு அணையும் முன் நான் முதலில் பார்த்தது, முன்வரிசையில் ஒரு மூதாட்டி பாதி கேக்கைக் காகிதத்தில் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்ததை. ஜெர்மனியில் எங்கள் மகன் வசிக்கும் சிறிய ஊரில், மாதத்தில் ஒரு நாள் முதியவர்களுக்கென்று பகல்காட்சி நடக்கும். டிக்கெட்டோடு காப்பியும் ஒரு துண்டு ‘கூஹன்’ என்கிற கேக்கும் உண்டு. கோவையில் எங்கள் வயதுக்காரர்களைப் பிள்ளைகள் கோயிலில் இறக்கிவிட்டுப் போவார்கள். இங்கே ‘கினோ’ என்கிற சினிமா அரங்கில் இறக்கிவிடுகிறார்கள். அதிலும் முதுமையைப் பற்றிய படமாகப் பார்த்துப் போடுகிறார்கள்.

கதையை மகனிடம் முன்பே கேட்டுக்கொண்டு போனதால் என்னால் தொடர முடிந்தது. நினைவு தப்பிய படகோட்டி ஒருவன், தன் மனைவியை, இளமையில் தான் கைவிட்ட பெண் என்று எண்ணி அவளிடமே மன்னிப்புக் கேட்கிறான். மனைவி அவனைத் திருத்தவில்லை. அந்தப் பெண்ணாகவே இருந்து, எப்போதோ மன்னித்துவிட்டேன் என்கிறாள். அந்த இடத்தில் என் கணவர் அழுதார். தன் தாயின் சாவுக்கு வந்தவர்களை வாசலில் நின்று கைகூப்பி வரவேற்ற, கண் கலங்காத மனிதர் அவர். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் கையை அழுத்தி, எனக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: உங்கள் மேல் எவ்வளவு அன்பு அவருக்கு, நீங்கள் கொடுத்துவைத்தவர். “யா, யா” என்றேன். அவர் யாரை நினைத்து அழுதார் என்பதை அந்நிய மொழியில் விளக்கும் அளவுக்கு எனக்கு இலக்கணம் வராது. தமிழில் மட்டும் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்.

அவர் நினைத்து அழுதவளின் பெயர் பார்வதி. காங்கேயத்தில் தன் அம்மாவின் பிறந்த வீட்டில் வளர்ந்தவள். அதனால் ஊரே அவளைத் தாத்தாவின் கூட்டத்தோடு, அதாவது அவர் குலத்தோடு, சேர்த்தே எண்ணிவிட்டது. அப்பாவின் கூட்டம் எது என்று யாரும் கேட்கவில்லை; கல்லூரிக்குப் போன பஸ்ஸில் அவளைப் பார்த்துப் பழகிய என் கணவரும் கேட்கவில்லை. பெண் கேட்கப் போன அன்றுதான் பெரியவர்கள் அவள் அப்பாவின் குலதெய்வம் எது என்று விசாரித்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கோயில், ஒரே கூட்டம். எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் அண்ணன் தங்கை முறை. பேச்சு அத்தோடு நின்றது.

எங்கள் கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய சீர் அது. மணப்பெண் உடுத்தப்போகும் கூரைச்சேலையின் ஒரு முனையை அவன் கையிலும், மறுமுனையை அவள் கையிலும் கொடுப்பார்கள். என் கணவருக்கு உடன்பிறந்தவள் இல்லை. கல்யாணமான சில மாதங்களில், அவரைக்காய் நறுக்கிக்கொண்டே மாமியார் சொன்னார்: “அந்தப் புள்ளையத்தான் கட்டுவேன்னு நின்னான். பங்காளியாப் போச்சு. அப்பறம் அவளையே இணைச்சீருக்கு நிறுத்திப்போட்டோம். முடிஞ்சுதல்ல?”

அந்தச் சேலை இப்போது ஜெர்மனியில் என் அலமாரியில் இருக்கிறது. அவள் பிடித்தது எந்த முனை என்று விரித்துப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் மருத்துவர் அவருக்கு மறதி நோயின் தொடக்கம் என்றார். பேத்தியின் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. பத்திரிகையில் பிறர் எழுதியதை வெட்டிக் குறைப்பதே என் வேலையாக இருந்தது. இவர் நினைவில் எது முதலில் வெட்டுப்படும், எது கடைசிவரை நிற்கும் என்பதை மட்டும் நான் தீர்மானிக்க முடியாது. நான் போய் அவள் நின்றுவிட்டால்?

இந்தத் தை மாதம் கோவையில் எங்கள் சரவணம்பட்டி வீட்டுக்கு வந்தோம். வந்த மறுநாளே, “பார்வதியப் பாக்கோணும்” என்றார். மறுக்கக் காரணம் தேடினேன். நாகரிகமானதாக ஒன்றும் அகப்படவில்லை. சொல்லி அனுப்பினேன். காங்கேயத்திலிருந்து பஸ் பிடித்து, ஆட்டிய தேங்காய் எண்ணெய்க் கேனோடு வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது, அதையும் கவனித்தேன்.

“ஏனுங்கண்ணா, என்னையத் தெரியுதுங்களா?”

அவர் எழுந்து நின்றார். “தெரியாமப் போகுமா? நான் தப்புப் பண்ணிப்போட்டேன் பார்வதி. எங்கய்யன் சொன்னாருன்னு வாயத் தொறக்காம உக்காந்துட்டேன்.”

அவள் சிரித்தாள்.

“தங்கச்சிகிட்டப் போயி யாராச்சும் இதுக்கெல்லாம் மன்னிப்புக் கேப்பாங்களா? ஒரு தீவாளிக்காச்சும் சீலை எடுத்துக் குடுத்தீங்களா? அதுக்குக் கேளுங்க, யோசிக்கறேன்.” என் பக்கம் திரும்பினாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். “ஏனுங் நங்கை, அண்ணன் நெம்ப எளச்சுப் போயிட்டாருங்களே. அங்க சோறு போடறீங்களா, ரொட்டியக் குடுத்தே கொல்றீங்களா?”

“ரொட்டிதான், ரொட்டிதான்” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை ஜெர்மனியில் நான் பார்த்ததில்லை. கோவையிலும் பார்த்ததில்லை. படத்தில் மனைவி வேறொருத்தியாக நடித்தாள். இங்கே அந்த வேறொருத்தி இத்தனை காலமாகத் தங்கையாக நடித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் நானாகவே உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டபின் அவர் தூங்கிவிட்டார். அவருடைய போன் தலைமாட்டில் இருந்தது. பார்வதியை வழியனுப்ப நான் கீழே கேட்டுவரை போனேன்.

“அண்ணன் நெம்பரு குடுங்க நங்கை. நீங்க அந்தூருக்குப் போனப்பறம் அப்பப்ப ரண்டு வார்த்த பேசறேன். நாம் பேசுனா அவருக்குக் கொஞ்சம் நெனப்பு நிக்குதுங்க, பாத்தீங்கல்ல?”

பார்த்தேன். எண்ணைச் சொன்னேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று அவள் அங்கேயே ஒருமுறை அழைத்துப் பார்த்தாள்.

என் கையிலிருந்த போன் அடித்தது.